எட்டு தேக்சா

ரமலானில் ஜகாத் கொட்டும்.
எண்ணி முடிப்பதற்குள் சஹர் சங்கு ஊதிவிடும்.
ஸஃபர் பிறையில் நோட்டைப் புரட்டினால்
உஸ்தாதுக்கு மூன்று மாசப் பாக்கி.

ஜகாத் ஏழைப் பிள்ளைக்குரியது,
அதில் கரண்டு பில் கட்டாதே என்பார் ஹஜ்ரத்.
கட்டியிருக்கிறேன், இரண்டு தடவை.
பிறகு கைக்காசை வைத்து நேர்செய்தேன்.

முழங்கால் போனபின் பண்டாரி இபுராம்சா
புதுவயல் மதரசா வாசலில்
குட்டியானையை நிறுத்தி
எட்டு தேக்சாவை இறக்கினார்.
"வக்ஃபு. விற்கக் கூடாது.
வாடகைக்கு விடுங்க."

அரிசி ஆலைக்காரர் வீட்டுக் காதுகுத்து,
கண்டனூர் ஆச்சி வீட்டு அறுபதாம் கல்யாணம்.
சைவத்துக்கென்று இரண்டில் பச்சைக் கோடு
நான்தான் அடித்தேன்,
கோணல்.

இப்போது ஒன்றாம் தேதி உஸ்தாதுக்குக் கவர்.
அவர் அதைப் பிரிக்காமலே
பையன்களை "அலிஃப், பே" என்று அதட்டப் போய்விடுகிறார்.

போன வாரம் பண்டாரி மகன் ஜியாவுதீன்
தன் நிக்காஹுக்கு ஐந்து கேட்டான்.
"வாப்பாவோடதுதானே?"
நான் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தேன்.

பின்னால் நின்ற இபுராம்சா
சட்டைப்பையிலிருந்து எண்ணி வைத்தார்,
அடிப்பிடித்தால் தேய்க்கும் கூலியையும் சேர்த்து.
இருபது ரூபாய் குறைந்தது.
நாளைக்குத் தருகிறேன் என்றார்.

எழுதிக்கொண்டேன்.