நீலம் வரும்வரை

ஏப்ரலிலேயே கூப்பிட்டிருந்தால் பாதிப் பணத்தில் முடிந்திருக்கும்
என்கிறார் எலியோதோரோ பாரியா,
முட்டிக்கடியில் ஒரு பழைய தலையணையைத் தள்ளிக்கொண்டு.
இது ஆகஸ்ட். புந்தா அரேனாஸில்
காற்று தகரக் கூரைகளை ஒவ்வொன்றாக உலுக்கிப் பார்க்கும் மாதம்.

கேஸை அடைத்தார். ஆறட்டும் என்றார்.
பதினாறு மாதமாக அணையாத ஹீட்டர்;
அதற்கு ஆறத் தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம்.
வீட்டுக்குள்ளேயே கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம்.
அடைக்குமுன் கொதித்த வெந்நீரில்
மாத்தே ஊற்றிக் கொடுத்தேன்.
கசப்பு போதுமா என்றேன்.
போதாது என்றார்.

முன் தட்டி கழன்றது.
உள்ளே நாய் முடி, கம்பளிப் பஞ்சு,
நான் பெருக்கித் தேடிய காதணியின் கொக்கி மட்டும்.
பர்னரின் துளைகளைச் சின்னத் தூரிகையால்
பிறர் பல்லைத் தேய்ப்பவர் போல, பதமாக.
கண்ணாடி முழுக்கக் கரி.
அதில் விரலால் ஒரு கோடு இழுத்தார்.
'சுடர் மஞ்சளாகவா எரிந்தது?'

ஆமாம்.
அழகாக இருந்தது என்பதைச் சொல்லவில்லை.
காலை பத்துக்கு விடிந்து ஐந்தரைக்கு இருட்டும் ஜூனில்
விளக்குப் போடாமல் அதன் முன்னால்தான் கிடந்தேன்.
நீலச் சுடர் தன் வேலையைப் பார்க்கும்.
மஞ்சள் நம்மைப் பார்க்கும்.

ஏணி வைத்துக் கூரைக்குப் போனார்.
நான் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டேன்,
காற்று எங்கள் இருவரின் காலையும்.
குழாயின் தொப்பி எங்கோ பறந்துபோயிருந்தது.
இறங்கும்போது கையில் ஒரு கூடு:
முள்வேலியில் ஆடு விட்டுப்போன மயிர்,
காய்ந்த புல்,
நண்டு வலையின் நீல நைலான் நூல்.
குருவி எப்போதோ காலி செய்துவிட்டது.
புகைக்குத்தான் போக வழியில்லை.

'தலைவலி இருந்ததா? எழுந்திருக்க முடியாத தூக்கம்?'
கேட்டுவிட்டு என்னைப் பார்க்காமல்
கையிலிருந்த திருகாணியைப் பார்த்தார்.

இருந்தது.
நெற்றிக்குள் ஈரத் துணியைச் சுருட்டி வைத்தது மாதிரி.
டாங்கோ அந்தோஃபகாஸ்தாவுக்கு, அவளோடு, போனதிலிருந்து
என்பது என் கணக்கு.
போனில் தங்கையிடமும் அப்படித்தான் சொன்னேன்.
துக்கம் உடம்பைத் தின்னும் என்றாள்.
கடைக்கு நடந்தால் வலி விடும்;
பார், மறக்கிறேன் என்று நினைப்பேன்.
கதவைத் திறந்து உள்ளே வந்ததும் பிடிக்கும்;
அவன் நாற்காலி, அதுதான் என்று நினைப்பேன்.

ஏப்ரல்தோறும் இதைக் கழற்றித் துடைத்தவன் அவன்.
அவன் போனான், துடைப்பாரில்லை,
ஆகவே வலி அவனால்தான் என்று
இப்போதும் வழக்காடலாம்.
ஆனால் பாரியாவின் எண்
ஃபிரிட்ஜில், மீன் வடிவக் காந்தத்துக்கடியில்,
குளிர்காலம் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஏமாற்றப்பட்டது போலிருந்தது.
அத்தனை இரவு அழுததில்
என் பங்கு எவ்வளவு, கார்பன் மோனாக்சைடின் பங்கு எவ்வளவு?
மாமியார் வீட்டுச் சீரைத் திருப்பித் தருவது போல
பாதியை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?

இணைப்புகளில் சோப்பு நீர் தடவினார். குமிழி இல்லை.
புதுத் தொப்பியை நான்கு திருகாணியில் இறுக்கினார்.
பற்றவைத்தார்.
முதலில் மஞ்சளாகத் தடுமாறி,
பிறகு வேர்ப்பக்கமிருந்து நீலம் ஏறி நின்றது.
படுக்கையறையில் மாட்ட ஓர் அலாரம் கொடுத்தார்.
அதற்குத் தனி ரசீது.

நான்காம் நாள் காலை.
எழுந்து படுக்கையிலேயே காத்திருந்தேன்,
தாமதமான பஸ்ஸுக்கு நிற்பது போல.
வலி வரவில்லை.
ரொட்டியைச் சுட்டேன். வெண்ணெய் தடவினேன்.
இரண்டாவது துண்டை யாருக்குச் சுட்டேன் என்று
தெளிவாக, தலை வலிக்காமல்,
தெரிந்தது.