கீழிருந்து மேலாக

புந்தா அரேனாஸில் நீரிணையைப் பார்த்த ஓர் அறையிலிருந்து
முப்பத்தொரு கறுப்புச் சதுரங்களுக்கு
வானிலை கற்பிக்கிறேன்.
சதுரத்துக்குள் ஒரு பெயர்,
பெயருக்குள் யாரும் இல்லை.
"கேட்கிறதா?" என்பேன்.
ஹீட்டர் உறுமும்.

மூன்றாம் வாரம் பொறுமை போய்ச் சொன்னேன்:
நாளுக்கு ஒருமுறை வெளியே போங்கள்.
மேலே பாருங்கள்.
பார்த்ததை நூற்றி நாற்பது எழுத்துக்குள் பதிவிடுங்கள்.
இடைவெளியும் கணக்கில் சேரும்,
மூச்சு விடுவதும் செலவுதான்.

முதலில் வந்ததெல்லாம் பாடநூல்.
"காற்று என்பது அழுத்த வேறுபாட்டின் காரணமாக..."
அங்கே எழுத்துத் தீர்ந்து
வாக்கியம் விளிம்பில் தொங்கியது,
பதினேழு பேருக்கும் அதே விளிம்பில்.

பிறகு பௌதிஸ்தா ஓயார்சோ.
லாரி ஓட்டுபவன், படகுத்துறை வரிசையிலிருந்து:
"மேற்குக் காற்று. கதவைத் திறக்க
இரண்டு கை, ஒரு முழங்கால்."

அட, என்று எழுந்தேவிட்டேன்.
காற்றின் வேக அட்டவணையைப்
பதினோரு ஆண்டாக வரைகிறேன்,
அதில் முழங்கால் இல்லை.
அன்றைய பாடத்தை மூடிவைத்துக் கேட்டேன்:
உங்கள் வாசலில் காற்று என்ன செய்கிறது?
மருத்துவமனைச் சலவைக்கூடத்து இர்மா:
"விரிப்பு கொடியில் தொங்கவில்லை. படுத்திருக்கிறது."
சிறைக் காவலர் ஒருவர்:
"கொடிக்கம்பம் பாடுகிறது. கைதிகள் திட்டுகிறார்கள்."
பெயர் போடாத யாரோ:
"காற்றே இல்லை. நாய்க்குக் குழப்பம்."
மாலைக்குள் எங்களுக்கென்று ஒன்பது படி அட்டவணை,
நாயில் தொடங்கி முழங்காலில் முடிந்தது.

நிர்வாகத்தின் படிவத்தில் இதற்கு ஒரே கட்டம்:
பங்கேற்பு, பத்து மதிப்பெண்.
நாள் தவறினால் அரை மதிப்பெண் கழியும்.
அப்படித்தான் யாஸ்னா வுகாசோவிச்
ஜூலை நடுவில் வெப்பமானிபோல்
பூஜ்யத்துக்கும் கீழே இறங்கினாள்.
தியெர்ரா தெல் ஃபுவேகோ, ஆட்டுப்பண்ணை
என்று சேர்க்கைத்தாளில் இருந்தது.
இரண்டு முறை அஞ்சல் எழுதினேன்,
இரண்டாவது கொஞ்சம் காரமாக.

இருபத்து மூன்றாம் நாள் காலை
கைபேசி மேசைமேல் நடுங்கி நடுங்கி
ஓரம்வரை நகர்ந்தது.
இருபத்திரண்டு பதிவுகள், ஒரே நிமிடத்தில்.
சிக்னல் கோபுரம் சாய்ந்திருந்ததாம்.
தினமும் எழுதி அனுப்பு என்று அழுத்தியிருக்கிறாள்,
தினமும் அது போகாமல் அங்கேயே காத்திருந்திருக்கிறது.

புதியது மேலே, பழையது கீழே,
திரைக்கு அதுதான் பழக்கம்.
எனவே புயலை வாலிலிருந்து படித்தேன்.

முதலில் ஆட்டுத்தோல்கள், நாற்பத்தாறு.
அடுத்ததில் கொம்புகள் மட்டும் வெளியே தெரிகின்றன.
அடுத்ததில் வேலியின் மேல்கம்பி.
பனி இடுப்பிலிருந்து முழங்காலுக்கு,
கணுக்காலுக்கு, புல்லுக்கு வடிந்து
மேகத்துக்கே திரும்பிப் போகிறது.
அழுத்தம் ஏறுகிறது: 968, 975, 989.
எழுந்து உதறிக்கொண்ட ஆடுகள்
பின்னோக்கி நடந்து மேட்டுக்குப் போய்
மேய்ந்த புல்லைத் திரும்ப நடுகின்றன.
கட்டைவிரலால் தள்ளத் தள்ள
எல்லாம் சரியாகிக்கொண்டே வந்தது.
கொஞ்ச நேரம்
அங்கேயே நிறுத்திவிட நினைத்தேன்.

அதை அப்படியே வகுப்பின் முன் வைத்தேன்.
கீழிருந்து மேலாகப் படியுங்கள்,
எந்தப் பதிவில் ஆடுகளைப் பட்டிக்கு ஓட்டியிருப்பீர்கள்?
ஆறாவது என்றார் காவலர்.
நான்காவது என்றாள் இர்மா.
பௌதிஸ்தா வெறும் எண் போட்டான்: 1.
அதற்கடியில் யாஸ்னா:
"தெரியும். இப்போது."

அந்த முதல் பதிவு
எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது:
"காற்றில்லை. வானம் சுத்தம். எழுத ஒன்றுமில்லை.
பாரோமீட்டர் மட்டும் இறங்குகிறது."
மிச்சம் என்ற இடத்தில்
ஐம்பத்தெட்டு எழுத்து
தொடாமல் இருக்கிறது.