அலமாரிக்குப் பின்னால்

எண்பத்து மூன்றில் இந்தச் சுவருக்கெல்லாம்
சிமெண்ட் பூசியவன் நான்தான்.
பூசி முடித்த திமிரில்
அடுப்பங்கரை ஜன்னலுக்குக் கீழே
ஆணியால் கீறி வைத்தேன்:
ஜேகோ. பக்கத்தில் வருடம்.

நாற்பது ஆண்டு கழித்து
மெர்ரின் தொலைபேசியில் சொன்னாள்:
"சுத்தியலோடு வா.
உன் சிமெண்டை நீயே உடை.
கூலி கிடையாது, சாப்பாடு உண்டு."

போட்மின் மேட்டுக்கு மேற்கே
மழை படுக்கையாகப் பெய்யும் ஊர்.
முழங்கால் உயரம் கருங்கல்,
அதற்குமேல் மண்ணும் வைக்கோலும்
மிதித்து மிதித்து ஏற்றிய வீடு.
இருநூறு வருடமாக அது மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.
நான் அதற்கு ரப்பர் கோட்டு மாட்டிவிட்டேன்,
பொத்தானே இல்லாத கோட்டு.

முதல் அடிக்கே
கதவளவு சில்லு பெயர்ந்து விழுந்தது.
பின்னால் சுவர் ஊறிய கேக்கைப்போல இருந்தது.
கோடை விடுமுறை முழுக்கப் பள்ளிப் பையில்
மறந்துபோன சாப்பாட்டு டப்பாவின் நாற்றம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவளும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

பத்தொன்பது வயதில் அவள் சொன்னவள்தான்,
"வேண்டாம், ஜேகோ, இது சிமெண்டுக்கான வீடில்லை" என்று.
யார் கேட்டார்கள்?
அம்மா தபாலாபீஸ் சேமிப்பை எடுத்து
என் கையில் வைத்தாள்.
ஒரு கண்ணுக்கு வெண்ணெய்,
மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பார்களே,
வெண்ணெய்க் கண் நான்.
இப்போது அவளிடம்
பதினெட்டு வாளிச் சுண்ணாம்பு இருக்கிறது,
மேலே ஒரு விரற்கடை தண்ணீர் நிற்க
அடியில் தயிராய் இறுகி.

மூன்றாம் நாள் அம்மாவின் பீங்கான் அலமாரி.
அந்த வருடம் அதை நகர்த்தச் சோம்பல்பட்டு
இரண்டு பக்கமும் விளிம்புவரை பூசி
முடிந்தது என்று பணத்தை எண்ணிக்கொண்டேன்.
யாருக்குத் தெரியப்போகிறது.

நகர்த்தினோம்.
அலமாரியின் உருவத்திலேயே
பழைய சுண்ணாம்புக் காரை நின்றது,
முட்டையோட்டு நிறத்தில், காய்ந்து.
ஒரு குதிரைமயிர் அதில் வளைந்து எட்டிப் பார்த்தது.
விரல் முட்டியால் தட்டினேன்,
'டொக்' என்றது. பொள்ளல் இல்லை.

உழைத்த இடமெல்லாம் அழுகியிருந்தது.
ஏமாற்றிய இடம் மட்டும்
நன்றாக இருந்தது.

மெர்ரின் அப்படியே தரையில் உட்கார்ந்து
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
நானும் சிரித்தேன்,
கொஞ்சம் தாமதமாக.

பிறகு அவள் மேஸ்திரி, நான் சித்தாள்.
மணல் மூன்று, சுண்ணாம்பு ஒன்று,
ஆட்டுமயிரை உதறி உதறிப் போடு,
கட்டி விழுந்தால் சாணி மாதிரி ஆகிவிடும்.
"சுவருக்குத் தண்ணீர் காட்டு. இன்னும்.
குடிப்பதை அது நிறுத்தட்டும்."
கரணையை நான் இழுத்தால் மணிக்கட்டில் தட்டுவாள்:
"அது சிமெண்ட்காரன் கை."
நகக்கண் எரிந்தது. வினிகரில் நனைத்தேன்.
அதுவும் எரிந்தது.

அக்டோபர் கடைசி.
உறைபனி வருமென்று வானொலி சொன்னது.
ஈரச் சாக்கைத் தொங்கவிட்டுப் படுத்தோம்.
இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து போனால்
அவள் ஏற்கெனவே அங்கே,
அப்பாவின் பழைய கம்பளிக் கோட்டில்,
மெழுகுவத்திகளைக் கொளுத்திவிட்டு
சாக்கை விலக்கிச் சுவரைத் தொட்டுக்கொண்டு.
"சூடு போதுமா?" என்றேன்.
"போதாது" என்றாள்.
இன்னும் நான்கு கொளுத்தினேன்.

விடியும்வரை வேறு பேச்சில்லை.
சுவர் ஓரத்திலிருந்து
மெல்ல மெல்ல வெளுத்துவந்தது.
அம்மாவைப் பற்றி ஏதோ கேட்க வாயெடுத்தாள்,
பிறகு திரியைக் கிள்ளிவிட்டாள்.

என் பேர் கீறிய துண்டு மட்டும்
உடையாமல் முழுசாக வந்தது.
நல்ல கலவை, சந்தேகமில்லை.
அதைக் கோழிக்கூட்டுக் கதவுக்கு
முட்டுக் கொடுத்திருக்கிறாள்.
மழையில், காற்றில்
அசையாமல் நிற்கிறது.
அதற்குத்தான் லாயக்கு என்றாள்.
ஆமாம்,
நன்றாகத்தான் நிற்கிறது.