பற்றறி தீர்ந்த தராசு

ஏழு மாதமாக என்னைப் பற்றியே பேசிவந்த
குளியலறைத் தராசு
இன்று காலை தன்னைப் பற்றி ஒரு சொல் சொன்னது:
பலவீனம்.
பற்றறி முடிந்துவிட்டதாம்.
இறங்கினேன். பாதத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினேன்.
பெருவிரலால் தட்டியும் பார்த்தேன்.
அறுபத்தெட்டா, அறுபத்தேழு தசம் நான்கா,
தெரியாமலே பல் துலக்கினேன்.
தெரியாமலே ட்ராமில்
நின்றபடி போனேன், இடமிருந்தும்.
(நின்றால் எரியுமாம் கலோரி.)

ஆவணியில் மச்சாளின் மகளுக்குக் கலியாணம்.
என் கூறைச்சேலைக்குத் தைத்த சிவப்புச் சட்டைக்குள்
பத்தொன்பது வருடம் கழித்து
நான் புகவேண்டும், அவ்வளவுதான்.
யாரும் கேட்கவில்லை. நானே எனக்கு வைத்த சோதினை.
வெள்ளரிக்காய். முட்டையில் வெள்ளை மட்டும்.
மஞ்சள் கரு மகனுக்கு.
இரவில் கனவிலே
செத்த அப்பா வரவில்லை, சாமி வரவில்லை,
இடியப்பம் வந்தது. சொதியோடு.

வைகாசியில், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்,
சூடான விரிப்புகளின் மேலேயே மயங்கி விழுந்தேன்.
எட்டு மணிநேரமும் இஸ்திரி இரும்போடு நிற்பவளின்
இரத்தத்தில் இரும்பில்லை என்றது ஆய்வுகூடத் தாள்.
அடுத்த வெள்ளி கோயிலில்
"ஐயோ, நல்லா மெலிஞ்சிட்டியள், என்ன செய்யிறியள்?"
என்று கையைப் பிடித்தாள் சுகிர்தமலர்.
விழுந்ததைச் சொல்லவில்லை.
வெள்ளரிக்காய் என்றேன்.
கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அதுதான் வெட்கம்.

இன்று வேலை முடிந்து
நாணயம் போன்ற அந்தப் பற்றறியை வாங்கத்தான் புறப்பட்டேன்.
முப்பத்துமூன்று பாகை வெயில்.
கால்கள் கடையை விட்டுவிட்டு
மார்சிலிப் பக்கம் சரிவில் இறங்கின.

பேர்ண் நகரமே உடுப்பைக் கழற்றியிருந்தது.
கரையோரம் மேல்நோக்கி நடக்கிறார்கள்,
குதிக்கிறார்கள், மிதந்து கீழே வருகிறார்கள்,
சிவப்புக் கம்பியைப் பிடித்து ஏறி
மறுபடி நடக்கிறார்கள்.
தொப்பை, எலும்பு, தழும்பு.
ஒரு பக்க மார்பை வெட்டியெடுத்த ஒருத்தி
தட்டையான பக்கத்தைத் துவாயால் துடைத்தாள்,
மற்றப் பக்கத்தைத் துடைத்தது போலவே.
என் கண்ணும் ஒரு தராசு; அதற்குப் பற்றறி தீரவில்லை.
தண்ணீரில் வந்த ஒரு மனிசியைத்
தொண்ணூற்றிரண்டு என்று நிறுத்து முடிக்கும் முன்
கையாட்டினாள்: எங்கள் மேற்பார்வையாளர் ரெகுலா!
ஏதோ கத்தினாள். ஆறு கொண்டுபோய்விட்டது,
சொல்லையும் அவளையும்.
அது யாரையும் நிறுக்கவில்லை.
நிறுத்தவுமில்லை.

நீந்தத் தெரியாது எனக்கு.
ஜீன்ஸை முழங்கால்வரை சுருட்டி
கடைசிப் படியில் குந்தினேன்.
பச்சைத் தண்ணீர் கெண்டைக்காலைப் பிடித்து இழுத்தது.
இந்தக் கால்தானே எட்டு மணிநேரம் நிற்கிறது,
அதற்கு நான் என்ன கொடுத்தேன்?
பசித்தது.
ஏழு மாதத்தில் முதல்முறை
பசியோடு நான் சண்டை பிடிக்கவில்லை.

வரும் வழியில் தமிழ்க்கடை.
முருங்கையிலை ஒரு கட்டு, குரக்கன் மா, நெத்தலி.
புட்டு அவிந்தது.
வறைக்குத் தேங்காய்ப்பூவைக் கஞ்சப்படாமல் போட்டேன்.
கதிரையில் அமர்ந்து சாப்பிட்டேன்,
இத்தனை நாளும் குசினியில் நின்றபடிதான்.
அவித்த முட்டையைப் பிளந்ததும்
மகனின் கை வழக்கம்போல் நீண்டது.
"இண்டைக்கு மஞ்சள் எனக்கு" என்றேன்.
பார்த்தான். பிறகு சிரித்தான்.

நாளைக்குப் பற்றறி வாங்கமாட்டேன் என்று
சத்தியம் பண்ண என்னால் முடியாது.
இப்போதைக்கு, மேசைவிளக்கின் கீழ்
சட்டையின் உட்புறத்தை வெளியே திருப்பி
பிளேட்டால் ஓரத் தையலைப் பிரிக்கிறேன்.
தைத்தவள் கேட்காமலே
இரண்டு விரல் துணி உள்ளே விட்டிருக்கிறாள்.
வெயிலும் வியர்வையும் படாத
அந்த இரண்டு விரல் மட்டும்
இன்னும் புதுச் சிவப்பு.