பதர்க் கணக்கு

நெற்குப்பைக்கு வந்து ஏழு மாதம்.
குப்பை என்றால் இங்கே குவியல்.
அது தெரிந்த பிறகுதான்
பேருந்தில் ஊர்ப் பெயரை உரக்கச் சொல்லிச்
சீட்டு வாங்கினேன்.

கண்மாய்த் தண்ணீரில் பன்னிரண்டு பாத்தி.
தாய் இண்டிகா, தகப்பன் ஜப்பானிகா.
பிள்ளை இருவரையும் மிஞ்சி
முத்துராக்குவின் மார்பு உயரம் நின்றது.
"இம்புட்டுத் தூரு எங்கயும் கண்டதில்ல."

தை பிறந்து பதினோரு நாள்.
பக்கத்து வயல் மொத்தமும் தலை தொங்க
எங்கள் கதிர் மட்டும் விறைத்து நின்றது.
உருவி, நகத்தால் நசுக்கினேன்.
காற்று.
அடுத்ததும்.
இருநூற்றுப் பதினான்கில்
நூற்று எழுபத்தொன்று பதர்.

அயோடின் சொட்டில் மகரந்தம் பார்த்தேன்.
கறுத்தது உயிருள்ளது, வெளுத்தது வெற்று;
முகப்பூச்சு விளம்பரத்துக்கு நேர்மாறு.

நிலத்துக்காரர் நாச்சியப்பன் எட்டிப் பார்த்தார்.
"ஒரே கோயில்னா நாங்க பொண்ணு கொடுக்க மாட்டோம்.
ரொம்பத் தள்ளிப் போனாலும் இப்படித்தான்."
பயிரிடம் சொன்னாரா, என்னிடமா?
"எங்கம்மா நாகூர், அப்பா நாமக்கல்" என்றேன்.
"என் மகனுக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை."
சற்று நின்று
டீ வாங்க ஆள் அனுப்பினார்.

ராத்திரி விடுதி அறையில் எழுதினேன்:
கொல்லும் மரபணு தாய்வழி.
தாய் வீட்டில் அது யாரையும் தொட்டதில்லை.
உடந்தை தகப்பன்வழி. அதுவும் சாது.
ஓர் உடம்பில் சந்தித்த அன்றுதான்
இரண்டும் கை கோத்தன.
காக்கும் மரபணு தாயின் சீதனம்.
பங்கு வாங்கிய சூல் தப்பியது;
வாங்காதது விதையாகுமுன் அவிந்தது.
அவிந்ததெல்லாம் தகப்பன் பங்கு.
உடந்தையை அனுப்பியவனும் அவனே.

பதினொன்றாம் பாத்தியில் மூன்றாவது நெல் ஒன்று.
அதன் மரபணுவில்
நூற்று முப்பத்தாறு எழுத்து எப்போதோ உதிர்ந்துவிட்டது.
அதற்குக் கொல்லத் தெரியாது.
யாரோடு சேர்த்தாலும்
பிள்ளைக் கதிர் பால் பிடிக்கிறது.
கல்லூரி நோட்டில் இதற்கு
'பழுது' என்று எழுதியிருக்கிறேன்.
பேனாவைத் தேடினேன்,
அடிக்க.

காலையில் முத்துராக்கு வைக்கோலைக் கேட்டாள்.
எடுத்துக்கொள் என்றேன்.
வைக்கோலுக்கு என்ன குறை,
இரண்டு மாடு பங்குனிவரை தின்னும்.

மிச்சம் நாற்பத்து மூன்று மணி.
உள்ளங்கைக் குழிகூட நிறையவில்லை.
காகித உறையில் இட்டு ஒட்டி
'ஊர்' என்ற கட்டத்தில்
பொடி எழுத்தில் எழுதினேன்:
நெற்குப்பை.