பாய் தைத்தவன்

செவ்வாய்க்கிழமை. நவநாள் முடிஞ்சு
சனம் கச்சான் சுருளோடை கலையுது.
நான் கிறீஸ் பிடிச்ச கையோடை
பின் கதவடியில நிக்கிறன்.
முன்னுக்கு வரலாம்.
வந்தால் உம்மடை முகம் தெரியும், அதுதான்.

கோடி அற்புதரே,
மீன்கள் தலை தூக்கிப் பிரசங்கம் கேட்ட கதை
பாசையூரில எடுபடாது.
இஞ்ச மீன்தலை எல்லாம் விடியக்காலமை
கூறு போட்ட சாக்கில கிடந்து
விலை கேக்கிறவையைத்தான் பாக்கும்.
எனக்குப் பிடிச்சது
நீர் வழி தவறின கதை.

லிஸ்பனில வசதியான வீட்டுப் பிள்ளை.
மொறோக்கோவில வெட்டுப்பட்ட ஐஞ்சு துறவியளின்ரை எலும்பு
பெட்டியில வந்திறங்கக் கண்டு
பேரை மாத்தி, உடுப்பை மாத்தி
நானும் அங்கதான் சாவன் எண்டு கப்பலேறினீர்.
போன இடத்தில காய்ச்சல்.
மாரி முழுக்கப் படுக்கை.
ஒருத்தரும் உம்மை வெட்டேல்லை,
நீர் வந்ததே கனபேருக்குத் தெரியாது.
ஊர் திரும்பேக்க காத்து மாறி
சிசிலியில கொண்டுபோய்த் தள்ளிச்சுது.
பிறகு ஒரு மலை மடத்தில
கோப்பை கழுவிக்கொண்டிருந்தீராம்.

காத்து.
எல்லாரும் அப்பிடித்தான் எழுதிவைச்சிருக்கினம்.
அந்தக் கப்பலுக்குப் பாய் தைத்தவனைப் பற்றி
ஒரு வரி இல்லை.
இத்த நூலெண்டு தெரிஞ்சும் கோத்தவனோ?
அந்திப்பட்டுப் போச்செண்டு
ஓரத்தில ஒரு முழம் தைக்காமல் விட்டவனோ?
உம்மைப் புனிதர் எண்டு அறிவிச்ச அண்டைக்கு
அவனும் சனத்துக்குள்ள நிண்டு
ஒரு மெழுகுதிரி கொளுத்தினவனோ?

றெமீஜியஸ் போன எஞ்சின் நான் செய்தது.
நாப்பது குதிரை, பழசு.
பெயாறிங் போட்டுது எண்டு கையால சுத்தேக்கையே தெரியும்.
புதுசு ஒண்டு தட்டில இருந்தது,
வேற ஆள் காசு கட்டிவைச்சது.
ஏஜென்சிக்காரன் வாசலில நிண்டு மணி பாக்கிறான்.
பழசையே மண்ணெண்ணெயில கழுவி
கிறீஸ் அடைச்சுப் பூட்டிவிட்டன்.
"போய்ச் சேருமோ மச்சான்?"
"போய்த் திரும்பியும் வரும்" எண்டன்.
சிரிச்சான். தோளில தட்டினான்.

பதினாறாம் நாள்
நினைச்ச தீவு ஒண்டு, ஒதுங்கின தீவு ஒண்டு.
பட்டாளம் மட்டும் இருக்கிற இடமாம்.
மூண்டு வருசம் கூடாரத்துக்குள்ள,
ராவில எலி காலைக் கடிக்குமாம்.
நத்தாருக்குப் போன் எடுத்தான்.
"எஞ்சின் குதிரை மாதிரி ஓடினது மச்சான்,
காத்துத்தான் கொண்டுபோய் விட்டது."
நான் கேக்கேல்லை.
கேக்காமல் ஏன் சொன்னவன்?

உம்மடை பெட்டியை முப்பது வருசத்தால திறக்க
உடம்பு மண், நாக்கு மட்டும் பச்சையாய் இருந்ததாம்.
என்ரை நாக்கு எனக்கு முன்னமே
செத்துப் போச்சு எண்டு நினைக்கிறன்.
கஞ்சி குடிக்க மட்டும் எழும்பும்.

அந்தப் புதுப் பெயாறிங் இன்னும் தட்டிலதான்.
காசு கட்டினவன் வரவேயில்லை.
வாற பதின்மூண்டாம் திகதி
உம்மடை சுருவத்தைக் கடலில சுத்துற வள்ளத்துக்கு
எஞ்சின் பாக்கச் சொல்லி மூப்பர் ஆள் விட்டிருக்கிறார்.
அளவு பாத்தன். சரியாய் இருக்கு.
இன்னும் போடேல்லை.
உம்மை மட்டும் பத்திரமாய்க் கொண்டுவந்து சேத்தால்
அது என்ன நியாயம்?

விக்ரோறியா அக்கா வாறா, றெமீஜியஸின்ரை தாய்.
செவ்வாய்க்குச் செவ்வாய் இருபது றாத்தல் பாண்,
உம்மடை பேரில, பசிச்சவைக்கு.
எனக்கும் ஒரு துண்டு நீட்டுறா.
"கை ஊத்தை அக்கா."
"அதுக்கென்ன, வாயைத் திற."

திறந்தன்.
பாண் உள்ளுக்குப் போச்சு.
அவ கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டா,
பிறகு அடுத்த ஆளிட்டைப் போனா.