ஒன்றரை நிமிடம்

விடிகாலை மூன்று பத்துக்கு
கோர் பெங் ஹுவாட் கூப்பிட்டார்.
ஹலோகூடச் சொல்லவில்லை.
பத்து மாவுங் குளிர்கிடங்கில் சர்வர் எழவில்லை,
ஏழு லாரி நிற்கிறது,
பில் அச்சாகாமல் ஒரு கெம்புங் மீன்கூட
கேட்டைத் தாண்டாது.

நான் சுங்கை நிபோங்கில், பதினோராம் மாடியில்,
மடிக்காத துணிகளுக்கு நடுவே
மடிக்கணினியைத் திறந்தேன்.

இதுவரை என் கையில் பழுதானவற்றுக்கு
உடம்பு இருந்தது.
வாஷிங் மெஷின் என்றால் இடுப்பில் ஓர் உதை.
கார் என்றால் மூடியைத் தூக்கி
முகர்ந்தாவது பார்க்கலாம்.
இதற்கு விசிறி இல்லை, சூடு இல்லை.
எங்கோ சைபர்ஜெயாவில், ஒரே இரும்புப் பெட்டிக்குள்
இன்னும் இருபத்தாறு பேரோடு
வாடகைக்கு இருக்கிறது.
மெய்நிகர் இயந்திரம் என்று புத்தகத் தமிழில் சொல்வார்கள்.
மெய் மாதிரி.
மெய் இல்லை.

எழுப்பினேன்.
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள்
சரி, சரி, சரி என்று தலையாட்டிக்கொண்டே வந்து
ஓரிடத்தில் நின்றன.
ஒரு வட்டுக்காகக் காத்திருக்கிறேன் என்றது.
ஒன்றரை நிமிடம் பார்ப்பேன் என்றது.
நொடிகளை எண்ணியும் காட்டியது.
தொண்ணூறாவதில் அவசரநிலை அறிவித்து
கடவுச்சொல் கேட்டது.

கடவுச்சொல் பைசூலிடம்.
பைசூல் மார்ச்சில் ஜொகூருக்குப் போய்விட்டான்.

மறுபடி எழுப்பினேன். மறுபடி தொண்ணூறு.
மூன்றாம் முறை நான் மைலோ கலக்கப் போனேன்.
ஆளில்லாத அறையில்
அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது.

பிறகு முழுதாக அணைத்து
அதன் வட்டைக் கழற்றி
இன்னொரு மெஷினின் விலாவில் செருகினேன்.
கழற்றினேன், செருகினேன் என்பதெல்லாம் பேச்சுக்கு.
நாலு சொடுக்கு.
உள்ளே, ஏற்ற வேண்டிய வட்டுகளின் பட்டியல்.
நாலே வரி.
நாலாவதற்கு மேலே பைசூல்
மலாயில் குறிப்பு வைத்திருந்தான்:
ஜாங்கான் பாடாம்.
அழிக்காதே.

அந்த வட்டை
போன வெள்ளிக்கிழமை அழித்தவள் நான்.
மாதம் நூற்றெண்பது வெள்ளி மிச்சம் என்று
கோர் கையெழுத்திட்ட பட்டியலில் பதினாலாவது.
யாரும் தொடாதது என்று நான்தான் குறித்திருந்தேன்.
நிச்சயமா, பெயரைத் தட்டு என்றது.
தட்டினேன். லாமா2.

வட்டுதான் போனது, வரி போகவில்லை.
ஆள் வரமாட்டார், இலை விரித்துக் கிடக்கிறது.
ஆறு நாள் ஓட்டத்தில் அதற்கு உறைக்கவில்லை.
இன்றிரவு அப்டேட்டுக்காகப் படுத்து எழுந்தபோதுதான்
கையால் துழாவியிருக்கிறது.

வரியின் தலையில் ஒரு ஹாஷ் வைத்தேன்.
இனி அது பேச்சு, கட்டளை அல்ல.
பைசூலின் எச்சரிக்கையை எடுக்கவில்லை.
எதைக் காக்கிறது என்று தெரியாமல்
அங்கேயே நிற்கட்டும்.

வட்டைத் திருப்பி மாட்டி எழுப்பினேன்.
சரி. சரி.
நின்ற இடம் வந்தது.
என் மைலோவில் ஆடை படிந்திருந்தது.
சரி.
யார் என்று கேட்டது. லாகின்.
மணி நாலு நாற்பத்தெட்டு.

என்ன கோளாறு என்று கோர் கேட்டார்.
ஒரு வரி, பாஸ், என்றேன்.
அறிக்கை மலாயில் போக வேண்டும்:
ஒரு வட்டு, தெலா டிபாடாம்.
தமிழில் எழுதியிருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும்,
நீக்கப்பட்டிருந்தது.
இரண்டு மொழியிலும் கை தெரியாத வினைச்சொல்.
மெய் மாதிரி.
பொய் இல்லை.
பழைய பில்களைப் பற்றி
இன்னும் யாரும் கேட்கவில்லை.

ஐந்தரைக்கு லாரி டிரைவர் மரியதாஸ்
வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார்.
முதல் பில்.
கெம்புங், நாற்பது பெட்டி, தஞ்சோங் பூங்கா.
மூலையில், மை கரைந்து,
ஐஸ்தண்ணீரில் நனைந்த ஒரு கட்டைவிரல்.